சாமி வந்த நாய்

அழகை மட்டும் பார்த்து நாய்க்கு இணை சேர்ப்பவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். செவலை நிறம், கறுத்த மூஞ்சி, அகன்ற நெஞ்சு, அவ்வளவுதான், உடனே கோம்பை நாய்க்குக் கல்யாணம்! நான் தாய் தகப்பனைப் பார்ப்பேன், கூடப் பிறந்தவற்றைப் பார்ப்பேன், குணம், நடை, பட்ட நோய் எல்லாம் விசாரிப்பேன். பழனிசெட்டிபட்டியில் பக்கத்து வீட்டுக்காரி, நான் பையை எடுத்தாலே, "என்ன டீச்சர், சம்பந்தம் பேசக் கெளம்பியாச்சாக்கும்?" என்பாள். ஆமாம், சம்பந்தம்தான்.

என் செவலைப் பெட்டைக்கு எல்லாம் கூடி வந்திருந்தது. கால்நடை டாக்டர் உடம்பைப் பார்த்துச் சரி என்றுவிட்டார். கோம்பை ஊரிலேயே ஒரு கடுவன் நாயும் பார்த்து வைத்தாயிற்று. வீட்டில் நான் ஒருத்திதான். அவள் குட்டி போட்டால் ஒன்றை என்னோடு வைத்துக்கொள்ள ஆசை. ஆசை என்ன, உயிரையே வைத்திருந்தேன். அவளோடு ஒரே ஈற்றில் பிறந்த அண்ணன் ஒருவன் வீரபாண்டியில் இருந்தான். அவனையும் ஒரு எட்டுப் பார்த்துவிட்டால் முடிந்தது.

நான் போனபோது அந்த வீட்டு வாசலில் கட்டிக் கிடந்தான். அச்சு அசல் என் பெட்டைதான். நெற்றியில் மஞ்சளும் குங்குமமும், கழுத்தில் வேப்பிலை மாலையும். "இதென்ன அண்ணே கோலம்?" என்றேன்.

வளர்ப்பவர் குரலைத் தாழ்த்தினார். "தாயி, இது சும்மா நாய் இல்ல. போன திருவிழாவுல தீச்சட்டி எடுத்து வந்தாக. மேளம் இங்கன திரும்புனதுதான், இதுக்கு அருள் வந்திருச்சு. கண்ணு சொருகி, காலு வெட்டி வெட்டி இழுத்து, வாயில நுரை. ஆத்தாவே எறங்கிட்டா. இப்பல்லாம் மேளம் இல்லாமயே வருது."

"ஐயோ அண்ணே, அது வலிப்பு! மாத்திரை குடுக்கணும். இதைச் சேர்க்கவே கூடாது."

அவர் முகம் சுண்டிவிட்டது. நாங்கள் தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள் என்பது அவருக்குத் தெரியும். "வேதக்காரவுகளுக்கு இது புரியாது தாயி. சாமி நாய்க் குட்டின்னு சின்னமனூரு, கம்பம் வரைக்கும் வாங்கிட்டுப் போயிருக்காக," என்றார். அப்புறம், அக்கறையாகத்தான் கேட்டார்: "உங்க பொட்டைக்கு இன்னும் வரலையா?"

அந்தக் கேள்வியும் என்னோடு பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டது. டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். "அண்ணனுக்கு இருந்தா இதுக்கும் ரத்தத்துல இருக்கலாம். வெளிய தெரியாமலே குட்டிக்குப் போயிரும்." கோம்பைக்காரருக்குப் போன் போட்டு வேண்டாம் என்றேன். "நல்ல பொட்டைய வீணாக்குறீகளே," என்று அங்கலாய்த்தார். அவளுக்குக் கருப்பையை எடுத்தாயிற்று. மயக்கம் தெளிந்து அவள் என் கையை நக்கினாள். எனக்கு அழுகை அடங்கவில்லை.

அதற்குப் பிறகு பயம் என்னைப் பிடித்துக்கொண்டது. பஸ் ஜன்னலில், உத்தமபாளையம் பக்கம் ஒரு செவலை நாய் தெரிந்தால், அண்ணன்காரன் குட்டியோ என்று அதன் காலைத்தான் பார்ப்பேன். இவள் தூக்கத்தில் பாதம் துடித்தால் ஓடிப்போய்த் தொடுவேன். வாலை ஆட்டுவாள். "என் உயிரை வாங்காதடி சனியனே," என்று திட்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்திருப்பேன். எந்த மேளம் கேட்டாலும் கதவைச் சாத்துவேன்.

இந்தச் சித்திரையில், நல்ல வெயிலில், எங்கள் தெரு வழியாக வீரபாண்டிக்குத் தீச்சட்டி போனது. கதவைச் சாத்தத்தான் எழுந்தேன். அதற்குள் மேளம் தெருவுக்குள் திரும்பிவிட்டது. அவள் சோற்றுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். கண் சொருகியது. அப்படியே சாய்ந்தாள். கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன.

எனக்கு எல்லாம் தெரியும். வாயில் கை வைக்கக் கூடாது, தண்ணீர் ஊற்றக் கூடாது, சுற்றியிருக்கும் சாமான்களை விலக்க வேண்டும். விலக்கினேன். டாக்டருக்குப் போன் போட வேண்டும் என்றும் தெரியும். ஆனால் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற என் கை இரண்டும் வாசலைப் பார்த்துக் குவிந்திருந்தன. "விட்டுரு ஆத்தா, எம்பிள்ளைய விட்டுரு ஆத்தா," என்று மேளத்துக்கு மேலே கத்திக்கொண்டிருந்தேன்.