தேவஇரக்கம் பட்லரும் திரிந்த சௌடரும்

ஸ்ரீவில்லிபுத்தூரில் மிஷன் பங்களாவுக்குப் பின்தெருவில் குடியிருந்த தேவஇரக்கம், பதினெட்டு வருஷம் வெள்ளைக்காரர்களுக்குச் சமைத்துப் போட்டவர். அந்தப் பதினெட்டு வருஷத்தில் தம் வீட்டு அடுப்பை ஒரு தடவைகூட அவர் பற்ற வைத்ததில்லை. இதில் முரண்பாடு எதுவும் இருப்பதாக அவருக்குத் தோன்றியதே இல்லை. வக்கீல் கோர்ட்டில் வாதாடுவார், வீட்டுக்கு வந்தும் வாதாடுவாரா என்று கேட்பார். வக்கீல்கள் வீட்டில்தான் அதிகம் வாதாடுகிறார்கள் என்பது, எந்த வக்கீலோடும் பழகாத காரணத்தால், அவருக்குத் தெரியாது.

பங்களாவில் இருந்தவர்கள் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு தம்பதி. அந்த அம்மாள் அவருக்குக் கற்றுக்கொடுத்த பதார்த்தங்களில் தலையாயது சௌடர். இறாலும் காய்கறியும் பாலும் மாவும் சேர்த்துக் கெட்டியாகக் காய்ச்சுகிற சூப்பு அது. குடிப்பதா தின்பதா என்று முடிவு செய்ய முடியாத பதத்தில் இருக்கும். மதுரையிலிருந்து வருகிற துரைமார்கள் அதைச் சாப்பிட்டுவிட்டு எழுதிக்கொடுத்த நற்சாட்சிக் கடிதங்கள் பதினொன்று, ஒரு பிஸ்கோத்து டப்பாவில் இருந்தன. தேவஇரக்கத்துக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. ஆனால் எந்தக் கடிதத்தில் எத்தனையாவது வரியில் சௌடர் வருகிறது என்று விரல் வைத்துக் காட்டுவார். ஒருநாளும் வரி தப்பியதில்லை.

இத்தனைக்கும் அவர் அந்தச் சௌடரை அரைக் கரண்டிக்குமேல் வாயில் விட்டதில்லை. ருசி பார்ப்பதோடு சரி. வயிற்றுக்கு அவருக்கு மனைவி ஏசம்மாள் வைக்கிற கருவாட்டுக் குழம்புதான் வேண்டும். அதை மூன்று தடவை வாங்கி ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, உப்பு ஒரு சிட்டிகை தூக்கல் என்று சொல்லிக் கை கழுவப் போவார். ஏசம்மாளும் கல்யாணமான நாளிலிருந்து இதற்குப் பதில் சொல்லாமல் பல்லைக் கடித்தே வந்தாள். பல்லுக்கும் ஒரு அளவு உண்டு.

1942ஆம் வருஷத் தொடக்கத்தில் யுத்தத்தை முன்னிட்டு அந்தத் தம்பதி ஊருக்குக் கப்பலேறினார்கள். பங்களா பூட்டப்பட்டது. ராஜபாளையத்தில் ஒரு பஞ்சாலையில் குமாஸ்தாவாக இருந்த ஏசம்மாளின் தம்பி இருதயம், ஆலை வாசல் கேட்டில் காவலுக்கு இடம் இருக்கிறது என்று சொன்னான். தேவஇரக்கம் அவனை ஏற இறங்கப் பார்த்தார். சௌடர் காய்ச்சிய கை கேட்டைத் திறந்து மூடுமா என்பது அவர் கட்சி. இந்தக் கட்சியின் கௌரவத்தைக் காப்பாற்ற ஏசம்மாள் பெண்கள் விடுதிக்கு அரிசி புடைக்கப் போனாள்.

பத்து மாதம் இப்படிப் போயிற்று. அந்தச் சமயத்தில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறவன் ஊருக்கு வந்தான். சமையல்காரர்களும் தேவை என்று சொன்னான். தேவஇரக்கம் ஒருவரையும் கேட்காமல் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தார். அவருக்கு வயது நாற்பத்தேழு. முப்பத்தெட்டு என்று சொல்லியிருந்தார். மாதாகோவில் படி மூன்று ஏறுவதற்குள் முழங்காலைப் பிடித்துக்கொள்கிற மனிதரை முப்பத்தெட்டு என்று அவனும் எழுதிக்கொண்டான். அவனுக்கும் ஆள் கணக்கு இருந்திருக்கும். அடுத்த வாரத்துத் திங்கட்கிழமை காலையில் மதுரையில் வந்து நிற்கவேண்டும் என்று சீட்டு. அங்கிருந்து எந்தக் காட்டுக்கு, எந்தக் கடலுக்கு என்று சீட்டில் இல்லை.

ஏசம்மாள் அழவில்லை. அழுதால் அவர் அதைத் தம் வீரத்துக்குக் கிடைத்த மரியாதையாக எடுத்துக்கொள்வார் என்று அவளுக்குத் தெரியும். நேரே ரயிலேறித் தம்பியிடம் போய், இந்த மனுஷனைத் திங்கட்கிழமைக்குள் எந்தத் துரையிடமாவது ஒட்டிவிடு என்று சொல்லிவிட்டு வந்தாள்.

நல்லகாலம், ஆலைக்குப் புதிதாக ஒரு எஞ்சினியர் துரை வந்திருந்தார். ரங்கூனில் இருந்தவர், ஜப்பான்காரன் குண்டுபோட்டதும் பர்மாவிலிருந்து மலையும் காடுமாக நடந்தே வந்து சேர்ந்தவர். வந்த மூன்று மாதத்தில் மூன்று சமையல்காரர்களை அனுப்பிவிட்டார். இருதயம் பிஸ்கோத்து டப்பாவைக் கொண்டுபோய் அவர் மேஜையில் வைத்தான். பதினொரு கடிதத்தையும் படித்துவிட்டு, காகிதத்தைத் தின்ன முடியாது, இந்தச் சூப்பை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தின்று பார்க்கிறேன், பிடித்தால் அன்றே வேலை என்றார் துரை. அவர் ஜாகையில் சமையலறை ஓடு பிரித்துக் கிடந்தது. ஆகவே பட்லர் வீட்டுக்கே வருவதாக ஏற்பாடு.

சனிக்கிழமை காலையில் தேவஇரக்கம் தேவைகளைச் சொன்னார். வெண்ணெய்க்கும் பாலுக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரில் பஞ்சமில்லை. மைதா யுத்தத்தில் காணாமல் போயிருந்தது. அரிசி மாவு என்று முடிவாயிற்று. உருளைக்கிழங்கு எங்கோ ஒரு கடையில் முளைவிட்ட நாலு கிடைத்தது. காரட்டுக்குப் பரங்கிக்காய், பட்டாணிக்கு மொச்சை. ஒவ்வொன்றுக்கும் அவர் கண்ணை மூடி, பெருமூச்சு விட்டு, அம்மாளிடம் மன்னிப்புக் கேட்பதுபோல் மேற்கே பார்த்தார். அமெரிக்கா எந்தத் திசை என்று அவருக்கு நிச்சயமில்லை.

“செலரி வேணுமே” என்றார் கடைசியில், அம்மாள் சூப்பில் நறுக்கிப் போடுகிற சீமைக் கீரைத்தண்டை நினைத்து.

“அது யாரு, அவியளும் சாப்பிட வாராகளா?” என்றாள் ஏசம்மாள்.

ஞாயிறு விடிந்ததும், கண்மாயில் கூடை போட்டு மீன் பிடிக்கிற இருளம்மாள் இறாலைக் கொண்டுவந்து முற்றத்தில் தட்டினாள். கார்த்திகை மழைக்குக் கண்மாய் நிறைந்திருந்ததால் இறால் கொழுத்து இருந்தது, உயிரோடும் இருந்தது. ஒன்று துள்ளித் தேவஇரக்கத்தின் கால்பெருவிரலில் விழுந்தது. அவர் இரண்டடி பின்னால் போய்ச் சுவரில் சாய்ந்தார்.

“ஏட்டி, இது என்ன, மீசையெல்லாம் இருக்கு?”

ஏசம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள்.

“நீங்க எறாவைப் பாத்ததே இல்லியா?”

உண்மை அப்போதுதான் வெளியே வந்தது. பங்களாவுக்கு இறால் வந்தது தகர டப்பாவில். தலையும் ஓடும் மீசையும் இல்லாமல், வெந்து, சிவந்து, உப்புத் தண்ணீரில் கிடக்கும். பாலும் டப்பாதான். டப்பாவைத் திறந்து கொட்டிக் கிண்டியதற்குத்தான் பதினொரு கடிதம்.

“பதினெட்டு வருசமா டப்பா தொறந்துட்டா என் கொழம்புல உப்பு தூக்கல்னு சொன்னிய?” என்றாள் ஏசம்மாள். வாழ்நாளில் பல்லைக் கடித்து வைத்ததெல்லாம் அந்த ஒரு கேள்வியில் இருந்தது. இருளம்மாள் கூடையைத் தூக்கிக்கொண்டு, சிரிப்பதற்குத் தெருவுக்குப் போனாள்.

தேவஇரக்கம், இறாலைச் சுத்தம் பண்ணுவது பட்லர் வேலையில் சேராது என்று மட்டும் அறிவித்துவிட்டு, வெள்ளைக்கோட்டுக்குப் பித்தளைப் பொத்தான் மாட்டப் போனார். ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடக் கோவிலுக்குப் போகாமல் இருந்திராத ஏசம்மாள், அன்று மணி அடித்தபோது இறாலின் முதுகு நரம்பை உருவிக்கொண்டிருந்தாள்.

கண்மாய் இறாலுக்கு மண் வாடை உண்டு. மஞ்சளும் கல்லுப்பும் போட்டு இரண்டு தடவை அலசி, மூன்றாம் தடவை புளி கரைத்த தண்ணீரில் ஊறப்போடாமல் சட்டியில் போடுகிறவளை அந்தத் தெருவில் வீட்டுக்காரி என்று யாரும் ஒப்புக்கொள்வதில்லை. ஏசம்மாளும் அப்படியே ஊறப்போட்டு, செத்த நேரம் கழித்து வடித்துக்கொள்ளலாம் என்று மூடிவைத்துவிட்டு, துரை உட்கார நாற்காலி இரவல் வாங்கப் பக்கத்து வீட்டுக்குப் போனாள். யாரும் குறை சொல்ல முடியாத காரியம்.

தேவஇரக்கம் கோட்டு மாட்டிக்கொண்டு, தம் வீட்டு அடுப்புக்கு முன்னால் முதல்முறையாக நின்றார். வெண்ணெயில் வெங்காயம் வதக்கினார். மாவைத் தூவினார். பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கட்டி தட்டாமல் கிண்டினார். வெந்த காய்களைச் சேர்த்தார். சொல்லத்தான் வேண்டும், வாசனை தெருமுனைவரை போயிற்று. கடைசியாக மூடியிருந்த இறாலை எடுத்தார். டப்பா இறாலைப் பற்றி அம்மாள் கற்றுக்கொடுத்த முதல் பாடம், தண்ணீரைக் கீழே கொட்டாதே, ருசி முழுவதும் அதில்தான் இருக்கிறது என்பது. பதினெட்டு வருஷமாக அவர் அதை மீறியதில்லை. அன்றும் மீறவில்லை. இறாலை, அது ஊறிய தண்ணீரோடு, சிந்தாமல் சட்டியில் கவிழ்த்தார். இதுவும் யாரும் குறை சொல்ல முடியாத காரியம்.

ஏசம்மாள் நாற்காலியோடு உள்ளே வந்தபோது பால் திரிந்து, திட்டுத்திட்டாய் மேலே வந்து, சட்டி மஞ்சள் நிறத்தில் கொதித்துக்கொண்டிருந்தது. தேவஇரக்கம் கரண்டியைப் பிடித்தபடி நின்றார்.

“புளித்தண்ணிய யாரு ஊத்தச் சொன்னது?”

“புளித்தண்ணிய யாருட்டி வச்சது?”

இந்த இரண்டு கேள்விக்கும் அவர்கள் காலம் உள்ளவரை பதில் கிடைக்கவில்லை. அன்று பதில் தேட நேரமும் இல்லை. வாசலில், பெட்ரோல் தட்டுப்பாட்டால் கரிவாயுவில் ஓடுகிற ஆலைக் கார் இருமிக்கொண்டு வந்து நின்றது. மதுரைச் சீட்டு ஜன்னல் கம்பியில் செருகியிருந்தது. ஏசம்மாள் அதை ஒரு தடவை பார்த்தாள். பிறகு மத்தை எடுத்துச் சட்டிக்குள் விட்டு, திரிந்த கட்டிகளெல்லாம் பொடியாகும்வரை கடைந்தாள். இரண்டு கை மிளகைத் தட்டிப் போட்டாள். “கொண்டு வைங்க. மூஞ்சிய மட்டும் இப்படி வச்சிக்கிடாதிய” என்றாள்.

தோளில் துண்டும் கையில் பீங்கானுமாகத் தேவஇரக்கம் பரிமாறப் போனது, சவப்பெட்டிக்கு முன்னால் நடக்கிற நடை. துரை ஒரு கரண்டி எடுத்தார். நிறுத்தினார். இன்னொரு கரண்டி எடுத்தார். பின்பு தலையை நிமிர்த்தாமல் பீங்கானைக் காலி செய்துவிட்டு, அதை நீட்டினார். இரண்டாவது பீங்கானும் அப்படியே போயிற்று.

மூன்றாவதுக்கு முன்னால் அவர் இருதயத்திடம் இங்கிலீஷில் வெகுநேரம் பேசினார். இருதயம் அதை வீட்டுக்குள் வந்து சொன்னான். ரங்கூனில் ஆற்றங்கரையில் ஒருத்தி இறாலும் காயும் போட்டுப் புளிப்பாக ஒரு சூப்பு விற்பாளாம். தினமும் அவளிடம்தான் துரைக்குச் சாப்பாடாம். காட்டில் நடந்து வயிறு கெட்டதிலிருந்து பாலைக் கண்டாலே அவருக்குக் குமட்டுமாம். பால் சூப்பு என்று கடிதத்தில் படித்துவிட்டுப் பயந்துகொண்டேதான் வந்தாராம், இதில் பால் வாடையே இல்லையாம். செவ்வாய்க்கிழமை முதல் வேலைக்கு வரவேண்டும். ஒரே நிபந்தனை, ஒவ்வொரு ஞாயிறும் இதே சூப்பு, இதே புளிப்பு.

ஏசம்மாள் ஜன்னலில் இருந்த சீட்டை எடுத்து அடுப்புக்குள் வைத்தாள். அது எரிகிறவரை பார்த்துக்கொண்டு நின்றாள். “பட்டாளத்துக்காரன் வந்து கேட்டா, உம்ம அசல் வயசைச் சொல்லும்” என்றாள். கல்யாணமான நாளிலிருந்து ‘நீங்க’ என்றே பேசி வந்தவள், அன்றுதான் ‘உம்ம’ என்று இறங்கியது.

வேலை கிடைத்துவிட்டது, நிம்மதி போய்விட்டது. முதல் ஞாயிற்றுக்கிழமை தேவஇரக்கம் தம் கௌரவத்தை முன்னிட்டு, பால் திரியாத, பட்டுப் போன்ற அசல் சௌடரைத் துரைக்கு முன்னால் வைத்தார். அது தொடப்படாமல் திரும்பி வந்தது. இன்னொரு தடவை இப்படிச் செய்தால் நாலாவது சமையல்காரனாக வெளியே போகலாம் என்று சொல்லும் வந்தது. என் கையால் பாலில் புளியை ஊற்றமாட்டேன் என்று வீட்டில் வந்து சத்தியம் செய்தார். அதனால், ஞாயிறுதோறும் ஏசம்மாள் இறாலைப் புளித்தண்ணீரில் ஊறவைத்துத் தூக்குச்சட்டியில் மூடிக் கொடுப்பாள். அவர் அதை மடியில் வைத்துக்கொண்டு ராஜபாளையத்துக்கு ரயிலேறுவார். அங்கே போய், டப்பாவில் வந்த பொருளைப் போல, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் சட்டியில் கவிழ்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். சத்தியம் தவறவில்லை.

மூன்று வருஷம் இது நடந்தது. ஒவ்வொரு ஞாயிறும் ரயிலடிக்குப் போகும்போது, சமையலைக் கெடுப்பதற்குச் சம்பளம் வாங்குகிற ஒரே பட்லர் இந்த ஜில்லாவில் நான்தான் என்று எதிரில் வருகிறவர்களிடமெல்லாம் சலித்துக்கொள்வார். இருந்தும் ஒரு ஞாயிறுகூட ரயிலைத் தவறவிட்டதில்லை.

யுத்தம் முடிந்து துரை ஊருக்குக் கிளம்பியபோது ஒரு கடிதம் எழுதிக்கொடுத்தார். இருதயம் அதைப் படித்து அர்த்தம் சொன்னான். முன்னைய பதினொன்றையும்விட அது நீளம். முழுக் கடிதமும் அந்தச் சூப்பைப் பற்றித்தான். எத்தனையாவது வரி என்று விரல் வைக்கவே வேண்டியதில்லை. தேவஇரக்கம் அதைக் கையில் வாங்கி, பிஸ்கோத்து டப்பாவைத் திறந்து, போடுவதா வேண்டாமா என்று நின்றார்.

“அதுல எம்பேரு இருக்காலே தம்பி?” என்று கேட்டாள் ஏசம்மாள்.

இல்லை என்றான் இருதயம்.

“அப்பன்னா அதை அடியில போட்டு மூடும். அடுத்த துரை பாத்தான்னா, பொறவு அவனுக்கும் நாந்தான் புளி கரைக்கணும்.”

தேவஇரக்கம் அப்படியே செய்தார். அன்றைக்குக் கருவாட்டுக் குழம்பு. மூன்று தடவை வாங்கி ஊற்றினார். கை கழுவ எழுந்தபோது வாயைத் திறந்தார், ஏசம்மாள் நிமிர்ந்து பார்த்தாள், கழுவப் போய்விட்டார்.