ஆலாத்தித் தண்ணீர் நின்ற குளியலறை

பிரிக்பீல்ட்ஸ் பிளாட்டில் என் குளியலறையைப் புதுப்பித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, சீலிங்கில் தண்ணீர் சொட்டத் தொடங்கியது. எனக்கோ கோபம் எப்போதும் மூக்கின் மேல். நேராக மாடியேறி மேல்வீட்டு ஆன்டியின் கதவைத் தட்டினேன். தனியாக இருப்பவர்.

"நீங்க ஊத்துற தண்ணியெல்லாம் என் தலையிலதான் விழுது ஆன்டி. தரைய சரி பண்ற வரைக்கும் இங்க குளிக்காதீங்க" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டு வந்தேன்.

அவரோ அன்றிலிருந்து கிள்ளானில் இருக்கும் மகள் வீட்டுக்கு ரயிலில் போய்க் குளித்துவிட்டு வந்தார். வெள்ளிக்கிழமைகளில் ஈரம் காயாத தலையோடு லிஃப்டில் நிற்பார். அப்படியும் என் சீலிங் சொட்டிக்கொண்டேதான் இருந்தது. திருட்டுத்தனமாக வீட்டிலும் குளிக்கிறார் என்று நினைத்தேன். நினைத்ததோடு விடாமல் பக்கத்து வீடுகளிலும் சொல்லி வைத்தேன், பாவி.

என் குளியலறையைப் புதுப்பித்த ரினோவேஷன்காரரே ஆன்டியின் தரையை உடைக்க வந்தார். என் வீட்டுக் குழாய்களைப் பார்க்கிறேன் என்றவரை நான்தான் விடவில்லை.

"சரி, உடைக்கறதுக்கு முன்னாடி தரையில தண்ணி தேக்கிப் பாப்போம்க்கா. கலர் கலந்துட்டா தெரிஞ்சிடும்லா" என்றார்.

கலருக்கு ஆன்டியே மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்துக் கொண்டுவந்தார். தண்ணீர் போகும் ஓட்டையைத் துணியால் அடைத்ததும் தரை முழுக்க ஆலாத்தித் தண்ணீர் சிவப்பாக நின்றது.

மறுநாள் மேலே தண்ணீர் கொஞ்சமும் இறங்கவில்லை. கீழே நிறமில்லாத தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ரினோவேஷன்காரர் என் வீட்டு மீட்டர் வால்வை மூடினார். சற்று நேரத்தில் சொட்டு நின்றது. சுவரில் பைப் தெரியக்கூடாது என்று அடம்பிடித்து, சீலிங்குக்குள் நான் ஓட்டச் சொன்ன சுடுதண்ணீர்க் குழாயில்தான் கசிவு.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. மேலே போய், "என் வீட்டு பைப்புதான் ஆன்டி. என்னை மன்னிச்சிடுங்க" என்றேன்.

துடைப்பத்தால் சிவப்புத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "அப்போ இனிமே நான் இங்கயே குளிச்சிக்கலாமாம்மா?"

சொந்த வீட்டில் குளிக்க என்னிடம் அனுமதி கேட்கிறார். "நல்லா ஊத்திக் குளிங்க ஆன்டி" என்று அன்று சொன்னேன், அதன்பின் பார்க்கும்போதெல்லாம் சொல்கிறேன். தலையாட்டுவார். ஆனாலும் வெள்ளிக்கிழமை காலையில் என் குளியலறையில் நின்று கேட்டால், மேலே அரைக் குவளை அரைக் குவளையாகத்தான் தண்ணீர் விழுகிறது.