தெருவில் நடந்தே பேசிய பேச்சு

எழுபதுகளின் கடைசியில், கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் தமிழ்ப் படிப்பகத்தின் ஆண்டு விழாவில் பேச ஒப்புக்கொண்டேன். தலைப்பு, நினைவில் வைக்கும் கலை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பக்கத்துக் கொச்சங்காடியில் ஒரு சுக்கு குடோனில் வேலை. தாளைப் பார்க்காமல் பேசுவேன் என்று வேறு சொல்லிவிட்டேன்.

"பேப்பர் இல்லாம நீ பேசி முடிச்சா என் மீசையை எடுத்துடறேன்," என்றான் மச்சான், என் மனைவியின் அண்ணன். அந்த மீசைக்கு அவன் தினமும் எண்ணெய் போடுவான்.

எனக்குத் தைரியம் கொடுத்தது அந்தக் கலையேதான். தெரிந்த ஓர் இடத்தில் மனத்தால் நடந்து, வழியில் ஒவ்வொரு விஷயமாக வைத்துக்கொண்டே போக வேண்டும். பேசும்போது மறுபடி நடந்தால் வைத்தது வைத்த இடத்தில் இருக்கும். அரண்மனையில் வை என்று எங்கோ படித்தேன். எனக்கு ஏது அரண்மனை? வீட்டிலிருந்து படகுத்துறை வரை எங்கள் தெரு இருந்தது. வேதத்தின் சொற்களை முன்னும் பின்னுமாகப் பின்னி ஓதிக் காத்தவர்களைக் கோயில் வாசலில் நிறுத்தினேன். குர்ஆன் முழுவதையும் நெஞ்சில் வைத்திருப்பவர்கள் பள்ளிவாசல் படியில். பல பேர் கேட்பதை ஒரே நேரத்தில் வாங்கி, பிசகாமல் திருப்பிச் சொல்லும் நம்மூர்க் கவனகர் சாயாக்கடை பெஞ்சில். இந்தக் கலைக்கே முதல் ஆள் என்று சொல்லப்படும் கிரேக்கக் கவிஞன் தையல்கடையில்.

மேடையில் சாயாக்கடை வரை சுகமாகப் போனேன். அப்புறம் ஒன்றுமே இல்லை. பார்த்தால் குடோனுக்குள் நிற்கிறேன். தினமும் சாயா குடித்துவிட்டுச் சந்து வழியாக வேலைக்குத் திரும்புகிற கால், மனத்திலும் திரும்பிவிட்டது. சுற்றிலும் சுக்கு மூட்டை. அங்கே நான் எதையும் வைத்திருக்கவில்லை. முன்வரிசையில் மச்சான் மீசையைத் தடவினான்.

மறைக்கத் தோன்றவில்லை. நம் தெருவில் நடந்துகொண்டேதான் பேசுகிறேன் என்று சபையிடம் சொல்லி, "இப்ப தப்பா குடோனுக்குள்ள போயிட்டேன்," என்றேன்.

"ஞாயிற்றுக்கிழமை குடோன்ல என்ன வேலை சேட்டா? வெளிய வாங்க," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

தையல்காரர் எழுந்தே நின்றுவிட்டார். "சாயாக்கடைக்குத் திரும்பி வாங்க. அடுத்தது என் கடைதானே? அங்க யாரை உக்கார வெச்சிருக்கீங்க?"

கிரேக்கன் வந்துவிட்டான். விருந்து மண்டபத்தின் கூரை இடிந்து, முகம் தெரியாமல் நசுங்கிப்போனவர்களை, யார் எங்கே உட்கார்ந்திருந்தார் என்ற நினைவை வைத்தே அவன் அடையாளம் சொன்ன கதையைச் சொன்னேன். அதற்குப்பின் சபை இடத்தைச் சொல்லச் சொல்ல, நான் விஷயத்தை எடுத்தேன். படகுத்துறைக்கு எல்லோரும் சேர்ந்துதான் போனோம். அரண்மனை வைத்திருந்த எவனுக்கும் அவன் அரண்மனை வாய் திறந்து வழி சொல்லியிருக்காது.

"தெருவே எடுத்துக் கொடுத்துச்சு. இது கணக்குல சேராது," என்று மச்சான் வழக்காடினான்.

"பேப்பர் இருந்துச்சா, இல்லையா?" என்றார் தையல்காரர். "கத்திரி என்கிட்ட இருக்கு."

"விடுங்க, மீசை இருக்கட்டும்," என்றேன். "அடுத்த வருஷப் பேச்சுல எதையாவது வைக்க எனக்கு இடம் வேணும்."