சரீபாவின் பிரிஜும் ஏழு புத்தகங்களும்

சாய்ந்தமருதில் தையல்காரி சரீபாவிடம் ஒரே நாளில் அபாயா தைத்து வாங்கிவிடலாம். புத்தகம் ஒன்றை இரவல் வாங்குவதுதான் பெரும்பாடு. இரண்டு அலுமாரி நிறைய நாவல்கள் வைத்திருந்தாள். இரண்டுக்கும் பூட்டு, சாவி அவள் இடுப்பில். தப்பித்தவறி இரவல் போனவற்றை எழுதி வைக்க ஒரு கொப்பியும் இருந்தது. அதன் முதல் பக்கத்தில் பதினைந்து வருசமாக ஒரே பெயர்தான்: ஹப்ஸா, ஏழு புத்தகம்.

ஹப்ஸா வரிப்பத்தான்சேனைக்காரி. சின்ன வயதில் இங்கே மாமி வீட்டில் தங்கி, சரீபாவோடு பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்த உயிர்க் கூட்டாளி. இரண்டாயிரத்து நாலு நவம்பரில் அவளுடைய மகன் பஸால் சரீபாவின் தெருவுக்கே மாப்பிள்ளையாக வந்தான். கலியாண வீட்டில் இரண்டு பேரும் ஒரே சஹனில்தான் உட்கார்ந்தார்கள். ஆறு பெண்கள் சுற்றியிருந்து ஒரே தட்டில் சாப்பிடும்போது, சரீபா சோற்றில் கையை வைத்தபடி கேட்டாள்:

"ஹப்ஸா, என்ட ஏழு புத்தகமும் எங்ககா?"

பாவி, கேட்க வேறு இடமா கிடைக்கவில்லை! மற்ற நாலு பேரும் மாப்பிள்ளையின் உம்மாவைக் கள்ளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். ஹப்ஸா கையை உதறிக்கொண்டு எழும்பிவிட்டாள். ஒரு சஹனில் இருந்து பாதியில் எழும்புவது எங்கள் பக்கத்தில் சின்ன விசயமில்லை. அன்றோடு பேச்சு நின்றது.

அடுத்த மாதம் கடல் வந்தது. சரீபாவும் புருசன் மீராசாஹிபுவும் ஓடித் தப்பினார்கள். வீடும் அலுமாரிகளும் போயின. சாவி மட்டும் இடுப்பில் மிஞ்சியது. உலகத்தில் அவளுடையது என்று சொல்ல இனி ஏழே ஏழு புத்தகங்கள்தான். அதுவும் கடல் எட்டிப்பார்க்காத ஊரில், அவள் முகத்தைப் பார்க்க விரும்பாத ஒருத்தியிடம்.

பூட்டி வைத்ததெல்லாம் போய், இரவல் கொடுத்துவிட்டுத் திட்டித் தீர்த்தது மட்டும் தப்பியது. இதை ஒத்துக்கொள்ள சரீபாவுக்கு நாலரை வருசம் பிடித்தது. யுத்தம் முடிந்து இரண்டு மாதம் கழித்து, ஒருநாள் புருசனிடம் சொன்னாள்:

"மச்சான், இனி புத்தகத்தப் பூட்டி வெக்கிறல்ல. வாசலுக்கு வெளிய வெப்பம். ஏலுமானவங்க எடுக்கட்டும், வெக்கட்டும்."

மீராசாஹிபு அவளுக்குக் காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, சுனாமி நிவாரணத்தில் கிடைத்து, ஒரே வருசத்தில் செத்துப்போன பிரிஜைத் தள்ளிக்கொண்டு போய்ப் புது வீட்டு மதில் ஓரம் நிறுத்தினார். அதற்குள் மழையும் போகாது, எறும்பும் போகாது. கல்முனை பஜாரில் வாங்கிய பழைய புத்தகங்கள் பன்னிரண்டை சரீபா தட்டுகளில் அடுக்கினாள். அறிவித்தல் எழுதும் வேலை மீராசாஹிபுவுடையது. அகதி முகாமில் நிவாரணப் பட்டியல் எழுதிய மனுசன் அல்லவா, கை பழக்கத்தில் எழுதிவிட்டார்: "இங்கு புத்தகங்கள் இலவசமாக வழங்கப்படும்."

இலவசம் என்ற சொல்லுக்கு மேல் எங்கள் ஊரில் யார் வாசிப்பார்கள்? அடுத்த நாள் சுபஹு தொழுகை முடிந்த கையோடு அதே தெரு மைமூனா வந்து நின்றாள். கையில் குடும்ப அட்டையின் போட்டோக்கொப்பி, கிராம சேவகரின் கடிதம், அடுப்போடு இடிந்த குசினியின் படம்.

"ராத்தா, இது எந்த நிறுவனம்?"

"ஒரு நிறுவனமும் இல்ல புள்ள. புத்தகம், வாசிக்கிறத்துக்கு."

"ஓம், முதல்ல புத்தகம். பொறகு என்ன தருவாங்க?"

"ஒண்டும் தரமாட்டாங்க!"

"ஒளிக்காதீங்க ராத்தா. சும்மா வாசிக்கச் சொல்லி ஆராவது பிரிஜ் குடுப்பாங்களா?"

ஒரு கிழமைக்குள் போட்டோக்கொப்பிக் கடையில் இதற்கென்று ஒரு விண்ணப்பப் படிவமே வந்துவிட்டது. பெயர், முகவரி, சேதமடைந்தவை, கடைசியில் 'அலுவலக உபயோகத்துக்கு மாத்திரம்' என்று ஒரு பெட்டி. வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு சரீபா பிரிஜைத் திறந்தாள். பன்னிரண்டு புத்தகங்களும் போட்ட இடத்தில் கிடந்தன. அவற்றின் மேல் முப்பத்தொரு விண்ணப்பங்கள்.

அவளுக்கு அழுகை வந்தது. வாசலில் குந்தியிருந்து ஒவ்வொன்றாகக் கிழிக்கத் தொடங்கினாள். ஒருவருக்குக் கூரைத் தகடு, ஒருவருக்குத் தோணி, ஒருவருக்கு இரண்டாவது பிரிஜ். பதினெட்டாவது விண்ணப்பத்தில் கை நின்றது. அந்த எழுத்தை அவள் ஒன்பதாம் வகுப்பிலிருந்தே அறிவாள்.

"பெயர்: ஆதம்லெவ்வை ஹப்ஸா. முகவரி: வரிப்பத்தான்சேனை, கடல் வராத ஊர். சேதமடைந்தவை: கூட்டாளி ஒருத்தி. சுனாமிக்கு ஒரு மாதம் முந்தி. ஏழு புத்தகமும் பத்திரம். கேட்டால் கிடைக்கும், கலியாண வீட்டில் கேட்கக் கூடாது."

மகனைப் பார்க்க வெள்ளிக்கிழமைகளில் இந்தத் தெருவால் போகிறவள், இதைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். சரீபா முக்காட்டால் கண்ணைத் துடைத்தாள், சிரித்தாள், மறுபடியும் துடைத்தாள். தையல் மேசையிலிருந்து பேனையை எடுத்து, அலுவலகப் பெட்டியில் எழுதினாள்: "ஏற்றுக்கொள்ளப்பட்டது. விண்ணப்பதாரி நேரில் வரவும்." திறந்தவுடன் கண்ணில் படும்படி அதை முன்தட்டில் நிறுத்தினாள்.

அடுத்த வெள்ளி ஹப்ஸா வந்தாள். இரண்டு பேரும் சலாம் சொல்லிக்கொண்டார்கள். பிறகு ஹப்ஸா பையைக் கவிழ்த்தாள். சரீபாவின் வாய் கதைக்க முந்தியே விரல் எண்ணிவிட்டது. ஆறு.

"ஏழாவது எங்ககா?"

"பக்கத்து ஊட்டு ஆயிஷா உம்மாக்கு வாசிக்கக் குடுத்த. மூணு வருசமாகிது, இன்னம் தரல்ல."

"பத்திரமெண்டுதானே எழுதின நீ!"

"பத்திரமெண்டு எழுதின. என்னட்ட இருக்கெண்டா எழுதின?"

உள்ளேயிருந்து மீராசாஹிபு எட்டிப் பார்த்தார். சரீபாவின் கை இடுப்புக்குப் போய், ஒரு பூட்டுக்கும் உதவாத அந்தச் சாவியைத் தடவியது. பிறகு ஆறு புத்தகங்களையும் தூக்கிப் பிரிஜுக்குள் அடுக்கினாள்.

"அது அங்கயே இருக்கட்டும்கா. அங்க கடல் வராது. நீ உள்ள வா, சோறு ஆறுது."

குசினியில் இரண்டு பேருக்கும் ஒரு தட்டு மட்டும்தான் போட்டாள்.