வெயில் படாத முகம்

போன வருஷம் வரைக்கும், கோயிலில் அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு திரும்பினால் யாராவது ஒரு பெண் என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்புவாள். முகத்துக்கு என்ன போடுகிறீர்கள் என்று கேட்பாள். எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. முப்பத்தைந்து என்று சொன்னால் நம்பிவிடுவார்கள். கன்னத்தில் ஒரு புள்ளி இருக்காது, கண்ணோரத்தில் சுருக்கம் இருக்காது. கொடுத்து வைத்தவள் என்று பெருமூச்சு விடுவார்கள். அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்று வேறொருத்தி எடுத்துவிடுவாள். என் அகத்தில் இருப்பது தெரிந்தால் அவள் தேங்காய் மூடியைக்கூட எடுக்காமல் ஓடிவிடுவாள்.

ஒன்றும் போடுவதில்லை என்றுதான் பதில் சொல்வேன். அழுத்தக்காரி, ரகசியத்தைச் சொல்ல மாட்டாள் என்று நினைத்துக்கொள்வார்கள். அவர்கள் நினைப்பதும் முழுக்கத் தவறில்லை. ஜொகூர் பாரு பக்கம் தம்போயில் ஒரு வரிசை வீட்டின் பின்னறையில் அம்மாவோடு நான் கழித்த வருஷங்களைத்தான் இந்த முகத்துக்குப் போட்டிருக்கிறேன். அதை எந்தப் பெண்ணிடம் எப்படி விளக்குவது?

இருபதுகளில் நான் நல்ல கறுப்பு. எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் வேலை. பஸ்ஸுக்காக வெயிலில் நிற்பேன், லீவு நாளில் தோழிகளோடு ஜொகூர் பாருவில் சுற்றுவேன். பெண் பார்க்க வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டு, பெண் குணமாகத்தான் இருக்கிறாள், நிறம்தான் கொஞ்சம் கம்மி என்று சொல்லி அனுப்பினார்கள். அதற்காக அழுத ஞாபகம் எனக்கில்லை. அப்போது என் யோசனையெல்லாம் வேறு. தோழிகள் இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி சிங்கப்பூர் வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள். நானும் லைசென்ஸ் எடுத்து வைத்திருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் அம்மாவுக்கு ஸ்ட்ரோக் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். அண்ணனுக்கு அப்போதுதான் கல்யாணம் முடிந்திருந்தது. கொஞ்ச நாளைக்கு நீ பார்த்துக்கொள், அப்புறம் ஏதாவது ஏற்பாடு பண்ணலாம் என்றார். ஃபேக்டரியிலிருந்து நின்றேன். அவர் சொன்ன கொஞ்ச நாள் முடிவதற்குள் எனக்குத் தலையில் நரை எட்டிப்பார்த்துவிட்டது.

இயற்கை அழகுக் குறிப்பு வேண்டுமென்றால் கேட்டுக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு மலம் இறங்குவதற்காகத் தினமும் பப்பாளி பிசைந்து கொடுப்பேன். தோலில் ஒட்டியிருக்கும் சதையை வீணாக்க மனமில்லாமல் முகத்தில் தேய்த்துக்கொள்வேன். அவர் உடம்புக்குத் தேங்காயெண்ணெய் தடவிய பிறகு உள்ளங்கையில் மிச்சமிருப்பது என் கழுத்துக்குப் போகும். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, வேர்க்குருவுக்கு நல்லது என்று பெடாக் செஜுக் கொடுப்பார். அரிசியை ஊறப் போட்டு, அரைத்துக் காயவைத்துச் செய்கிற குளுமையான மாவு அது. அதில் அம்மாவுக்குப் போக மீதி எனக்கு. அவருக்குக் காரம் ஆகாது, எண்ணெய் ஆகாது. இரண்டு சமையல் செய்ய யாருக்குத் தெம்பு இருக்கிறது? நானும் கஞ்சியும் கீரையும்தான் சாப்பிட்டேன். இதையெல்லாம்விடப் பெரிய மருந்து ஒன்று இருக்கிறது. வெளியே போகாமல் இருப்பது. மார்க்கெட்டுக்கு அண்ணன் போவார், பில் கட்ட அண்ணி போவார். வாசல் கேட்டைத் தாண்டாமலேயே எனக்கு வாரங்கள் போயிருக்கின்றன. கறுப்பு மெல்ல மெல்ல உரிந்து உள்ளிருந்து வேறு நிறம் வந்தது. நிறம் வந்த பிறகு காப்பி குடிக்க யாரும் வரவில்லை.

ஆனால் அந்த வருஷங்களில் நான் உண்மையாகவே பார்த்துக்கொண்ட தோல் ஒன்று உண்டு. அது அம்மாவின் முதுகு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் வாரத்தில் துணி மாற்றும்போது இடுப்புக்குக் கீழே ஒரு சிவப்புத் திட்டைப் பார்த்தேன். விரலால் அழுத்தினால் நிறம் மாறவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது. கிளினிக்குக்கு ஓடி அங்கிருந்த மிஸியைக் கேட்டேன். எங்கள் பக்கம் நர்ஸை மிஸி என்றுதான் சொல்வோம். படுக்கைப்புண் அப்படித்தான் ஆரம்பிக்கும், கவனிக்காவிட்டால் குழி விழுந்து எலும்பு தெரியும் என்றார் அவர். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் போட வேண்டும், ஈரம் நிற்கக் கூடாது, விரிப்பில் ஒரு சுருக்கம்கூட இருக்கக் கூடாது, சிவந்த இடத்தைத் தேய்க்கவே கூடாது. எல்லாம் அவர் சொன்னதுதான்.

அன்றிலிருந்து அம்மாவைப் புரட்டிப் போட்டேன். தூக்கத்தில், சாப்பாட்டு நடுவில், காய்ச்சல் அடிக்கும்போது, தீபாவளியன்று முன்னறையில் எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது. அந்தச் சிவப்பு மறைந்தது. பிறகு வரவே இல்லை. வீட்டுக்கு வந்து பார்க்கும் மிஸி ஒவ்வொரு தடவையும் அம்மாவின் சட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு என் தோளைத் தட்டுவார். அந்த முதுகுக்கு எனக்குக் கிடைத்த பாராட்டு அவ்வளவுதான். வீட்டில் வேறு யாரும் அதைப் பார்த்ததில்லை.

அம்மா போய்ச் சேர்ந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து கட்டிலை யாருக்கோ தூக்கிக் கொடுத்தார்கள். அடுத்து என்ன செய்யப் போகிறாய் என்று என்னை யாரும் கேட்கவில்லை. நான் பாட்டுக்கு அந்த அறையில்தான் இருந்தேன்.

அதற்குப் பிறகுதான் அண்ணி நலங்கு மாவு வியாபாரம் தொடங்கினார். அண்ணனின் வேலை ஆட்டம் கண்டிருந்த நேரம், பிள்ளைகள் வெளியூரில் படித்துக்கொண்டிருந்தார்கள், அவரைக் குறை சொல்ல முடியாது. மாவும் நல்ல மாவுதான், அதையும் சொல்லிவிடுகிறேன். பச்சைப்பயறு, கஸ்தூரி மஞ்சள், ஆவாரம்பூ, பூலாங்கிழங்கு, வெட்டிவேர், ரோஜா இதழ், எதிலும் கலப்படம் கிடையாது. அரைத்துச் சலிப்பது நான். சலித்ததைப் போனில் லைவ் போட்டு விற்பது அண்ணி. சமையலறையில் வட்ட விளக்கை மாட்டி, போனை நிறுத்தி, என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வார். இது என் நாத்தனார், வயசு என்ன இருக்கும் சொல்லுங்கள் பார்ப்போம் என்று கேட்பார். முப்பத்திரண்டு, முப்பத்தெட்டு என்று ஜனங்கள் எழுதுவார்கள். அண்ணி என் வயதைச் சொன்னதும் ஆச்சரியம் கொட்டும், ஆர்டரும் கொட்டும். அந்த மாவை நான் முகத்தில் வைத்ததே கிடையாது. சலிக்கும்போது மூக்கில் ஏறித் தும்மல் வரும், அவ்வளவுதான் எனக்கும் அதற்கும் உள்ள உறவு.

பயற்றைக் காயவைக்க என்னை முற்றத்துக்கு விடமாட்டார் அண்ணி. அவரே குடை பிடித்துக்கொண்டு தட்டைத் தூக்கிப் போவார். முதலில் அதைப் பாசம் என்று நினைத்தேன். கடைச்சரக்கை வெயிலில் போட மாட்டார்கள் என்பது புரியக் கொஞ்ச காலம் பிடித்தது.

பெரிய ரோட்டோரத்தில் ஒரு செடி நர்சரி இருக்கிறது. வீட்டுக்கு ஒரு கறிவேப்பிலைக் கன்று வாங்கப் போனபோது, வேலைக்கு ஆள் தேவை என்று அட்டை தொங்கியதைப் பார்த்தேன். சீன முதலாளியம்மாவிடம் கேட்டேன். செடிக்குத் தண்ணீர் விட வேண்டும், மண் கலக்க வேண்டும், ஆயர் ஈத்தாம் ஊரிலிருந்து வரும் பூந்தொட்டிகளை இறக்கி அடுக்க வேண்டும், நாள் முழுக்க வெயில், முடியுமா என்றார். முடியும் என்றேன். திங்கட்கிழமை வரச் சொன்னார். வீட்டுக்கு நடந்து வரும்போது என் கால் தரையில் பாவவில்லை. கறிவேப்பிலைக் கன்றைக் கடையிலேயே மறந்து வைத்துவிட்டு வந்திருந்தேன்.

வீட்டில் சொன்னதும் அண்ணி கையிலிருந்த சல்லடையைக் கீழே வைத்தார்.

“ஐயோ, மூஞ்சி போயிருமே” என்றார்.

கை வலிக்கும், முதுகு வலிக்கும் என்றுகூடச் சொல்லத் தோன்றவில்லை அவருக்கு. அண்ணன் டீவியைப் பார்த்துக்கொண்டே பேசினார். நிழலில் உட்கார வைத்துச் சோறு போடுகிறோம், உனக்கு என்ன குறை வைத்தோம், இந்த வயதில் மண் அள்ள வேண்டும் என்று என்ன தலையெழுத்து, நாலு பேர் எங்களைத்தானே கேட்பார்கள் என்றார். அந்த நாலு பேரை நான் வாழ்நாள் முழுக்கத் தேடிக்கொண்டிருக்கிறேன். அம்மாவைப் புரட்டிப் போட ஒருத்தரும் வந்ததில்லை. நான் பதில் பேசவில்லை. பேசாமல் இருந்தால் சரி என்று எடுத்துக்கொள்வது எங்கள் வீட்டு வழக்கம். நர்சரிக்குப் போன் போட்டு வரமாட்டாள் என்று சொல்லிவிடுகிறேன் என்றார் அண்ணி, உதவி செய்கிற குரலில்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. லைவ் இருந்தது. வழக்கம்போல என்னை உட்கார வைத்தார்கள். வயதைக் கேட்கிற விளையாட்டு முடிந்தது. அன்றைக்கு வாங்குகிற கூட்டம் கொஞ்சம் மந்தம். அதனாலோ என்னவோ அண்ணி புதிதாக ஒன்றை எடுத்துவிட்டார்.

“இது எங்க மாமியார் கைப்பக்குவங்க. ரொம்ப வருஷம் படுத்த படுக்கையா இருந்தாங்க. ஆனா கடைசி வரைக்கும் ஒரு புண்ணு இல்ல, அவங்க தோலு கொழந்தத் தோலு மாதிரி இருந்துச்சு. இந்த மாவத்தான் தேச்சு விட்டோம்.”

விட்டோம் என்றார். இந்த முகத்தை எடுத்துக்கொள்ளட்டும், அதை நான் எனக்கென்று வளர்க்கவில்லை. அம்மாவின் முதுகை எடுத்துக்கொள்ள விட முடியாது. என் வாழ்க்கையில் நான் செய்த காரியம் என்று காட்ட அது ஒன்றுதான் இருந்தது, அதுவும் எரிந்து சாம்பலாகிவிட்டது. போனைப் பார்த்துப் பேசினேன்.

“அண்ணி சொல்றது பொய்ங்க. அம்மா இருந்தப்ப இந்த மாவே கெடையாது. அவங்களுக்குப் புண்ணு வராததுக்குக் காரணம், ராவும் பகலும் திருப்பித் திருப்பிப் போட்டேன். என் மூஞ்சி இப்படி இருக்கறதுக்குக் காரணம், நான் வெளிய போவல. உங்களுக்கும் இப்படி வேணும்னா வீட்டுக்குள்ளயே கெடங்க. மாவு வேணாம்.”

அண்ணி போனைக் கவிழ்ப்பதற்குள் கீழே சிரிப்புப் படங்கள் வரிசையாக ஏறிவிட்டன. நல்ல தமாஷ் என்று ஒருத்தி எழுதினாள். அரைக் கிலோ பொட்டலம் இருக்கிறதா என்று இன்னொருத்தி கேட்டிருந்தாள். நான் சொன்னதை ஒரு ஜீவன்கூட உண்மை என்று எடுத்துக்கொள்ளவில்லை. அண்ணி விளக்கை அணைத்துவிட்டு அறைக்குள் போய் அழுதார். அவர் அழுதது எனக்குக் கேட்டது. பாவமாக இருந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும், ஆனால் அப்படி இல்லை.

சாயங்காலம் அண்ணன் சமையலறைக்கு வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்து நானும் தயாராக இருந்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மேசையில் சிந்திக்கிடந்த மாவை விரலால் ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

“அம்மாவ அப்படித் திருப்பிப் போடணும்னு என்கிட்ட யாரும் சொல்லலையே” என்றார்.

உண்மையாகவேதான் சொன்னார். ஒரே கூரைக்குக் கீழே, பத்தடி தூரத்தில் படுத்துத் தூங்கிய மனுஷன். அவரைப் பெற்ற தாய்.

“எனக்கும் யாரும் தேடி வந்து சொல்லலண்ணே. நான் பாத்தேன், போய்க் கேட்டேன்” என்றேன். “காலையில நான் வேலைக்குப் போறேன்.”

அவர் ஒதுக்கிய மாவை உள்ளங்கையில் வழித்துக்கொண்டு எழுந்து போனார். போகாதே என்று சொல்லவில்லை.

திங்கட்கிழமை போனேன். நர்சரிக்கு யாரும் போன் போட்டிருக்கவில்லை. முதலாளியம்மா என்னைப் பகல் வெளிச்சத்தில் நிறுத்தி ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். இவ்வளவு நல்ல முகத்தை வெயிலில் காயவிடுவது பாவம் என்று மலாயில் சொல்லி, வலைக்கூரைக்குக் கீழே இருந்த கல்லா நாற்காலியைக் காட்டினார். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுத் தண்ணீர்க் குழாயை எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.

மத்தியானத்துக்குள் மூக்கும் பின்கழுத்தும் எரிய ஆரம்பித்தன. இரண்டு மாதத்தில் கன்னத்தில் மங்கு விழுந்தது. இப்போது லைவில் உட்காரச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. பாலம் தாண்டி வேலைக்குப் போன பழைய தோழி ஒருத்தி செடி வாங்க வந்தாள். அவள் முகமெல்லாம் கறுந்திட்டு, நெற்றியில் ஆழமான கோடுகள். ஒரு கல்யாணம் செய்து, அதை முறித்து, சொந்தமாக ஒரு வீடு வாங்கி, ஒரு மகளையும் வளர்த்து முடித்திருக்கிறாள். என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, எவ்வளவு அழகான முகம், இப்படிக் கெடுத்துக்கிட்டியே என்று வருத்தப்பட்டாள். செடியை வண்டியில் ஏற்றிக் கொடுத்தேன். கெட வேண்டிய வயதில் இந்த முகம் கெட்டிருக்க வேண்டும் என்று அவளிடம் சொல்லவில்லை. அவள் போன பிறகு தொட்டிகளுக்குத் தண்ணீர் விட்டேன்.