மஞ்சள் சட்டைப் படம்

என் நாத்தனாருக்குப் பிழைப்பே முகங்களோடுதான். ஒரு பெரிய நடிகைக்குப் பல வருஷமாக அவள்தான் மேக்கப். "முகத்தை என்கிட்ட விட்டுட்டு நிம்மதியா தூங்குங்கம்மா" என்பாள். நடிகையும் நாற்காலியிலேயே குறட்டை விடுவாராம்.

எங்கோ தூர தேசத்தில் வறட்சி, கிணறு வெட்ட டிவியில் நிதி திரட்டப் போகிறேன் என்று அந்த நடிகை படக்குழுவோடு கிளம்பினார். இவளும் பெட்டி கட்டினாள். "தண்ணியில்லாத ஊருல மேக்கப் ஒரு கேடா?" என்று சீண்டினேன்.

"அழுதாலும் அவங்க அழகா அழணுமே அண்ணி."

அவள் திரும்பி வந்தாள். ஒரு மத்தியானம் ஜன்னல் வெயிலில் கண்ணை மூடிக்கொண்டு, தூக்கத்தில் பேசுகிறவள் மாதிரி சொல்ல ஆரம்பித்தாள்.

அங்கே வெயிலில் குடிசை, ஆடு, மனுஷர்கள் எல்லாமே கானலில் தரையைத் தொடாமல் மிதப்பது போலிருந்ததாம். படமெடுக்க ஒரு பெண் குழந்தையைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அதன் அம்மா விடிந்ததிலிருந்து அதைச் சிங்காரித்து வைத்திருந்தாள். பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய மஞ்சள் சட்டை, தலை நிறைய எண்ணெய், கழுத்து வரை பவுடர். டைரக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "இதைப் பார்த்தா எவன் காசு குடுப்பான்? துடைச்சு விடும்மா!"

இவள் துடைத்தாள். சட்டையையும் கழற்றினார்கள். தாய் அதை வாங்கி மடித்து வைத்துக்கொண்டாள். நடிகை குழந்தையை மடியில் வைத்து அழுதார். கிளிசரின் கேட்கவில்லை, நிஜமாகவே அழுதார்.

வண்டி கிளம்பும் நேரம் அந்தத் தாய் வந்து நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். மொழிபெயர்க்க வந்தவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "மூத்த பொண்ணு போன கோடையில செத்துப்போச்சாம். ஒரு போட்டோகூட இல்ல, முகமே மறந்துட்டு வருதாம். இவளையாவது அழகா எடுப்பீங்கன்னு நினைச்சாங்களாம்."

நடிகையின் மானேஜர் கத்தக் கத்த, இவள் மண்ணில் உட்கார்ந்து மேக்கப் பெட்டியைத் திறந்தாள். நடிகை வண்டியிலிருந்து இறங்கினார். திட்டப்போகிறார் என்று பார்த்தால், குழந்தைக்குக் குடை பிடித்தாராம். "கண்ணுக்கு இன்னும் கொஞ்சம் மை வை." மஞ்சள் சட்டை மறுபடி ஏறியது. கேமராக்காரர் ஒரே ஒரு படம் எடுத்தார். அதைப் பிரிண்ட் போட்டு அந்தத் தாய்க்கு அனுப்பிவைத்தது நாத்தனார்தான்.

டிவியில் வந்தது துடைத்த முகம். பணம் கொட்டோ கொட்டென்று கொட்டியது. என் வீட்டுக்காரரும் போன் போட்டுப் பணம் கட்டினார். "பாத்தியா, துடைச்சது வீண்போகல" என்றேன்.

"கிணறு வந்தா சரிதான் அண்ணி." அவள் டிவி பக்கம் திரும்பவே இல்லை. எனக்கு என்மேலேயே கோபம் பொங்கியது. வாடின முகத்தைக் காட்டினால்தானா நமக்குப் பை திறக்கும்? சீ!

கிணறு வந்தது. அங்கிருந்து ஒரு போட்டோவும் வந்தது. கிணற்றோரம் நடிகையும் துடைத்த முகமுமாக ஒரு பெரிய விளம்பரப் பலகை. அதன் முன்னால் தாயும் மகளும், குழந்தையின் வாயெல்லாம் தண்ணீர். தாய் மஞ்சள் சட்டைப் படத்தைக் கை எட்டுமட்டும் தூக்கி, பலகையில் இருந்த மகளின் முகத்தை மறைத்துப் பிடித்திருந்தாள்.

நாத்தனார் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் தாடையில் சொட்டியது, துடைத்துக்கொள்ளவில்லை.

"பவுடர் கொஞ்சம் தூக்கலாப் போயிடுச்சு அண்ணி" என்றாள்.