தம்பிக்கு முகநூலில் காவல்

எண்ணெய்ச் சட்டியில் பானிகேகே என்னும் இனிப்பு மாவு உருண்டைகள் சிவந்துகொண்டிருக்கின்றன. லனுவோலாவின் இடது கையில் ஜல்லிக்கரண்டி, வலது கையில் கைப்பேசி. அவள் தம்பியை ஆக்லாந்திலிருந்து எவனோ வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறான். பெயர் 'நீதியின் வாள்'. படத்தில் முகம் கிடையாது; ஒரு பெரிய மீனும் அதைத் தூக்கிப் பிடித்த கையும்தான். லனுவோலா கட்டைவிரலால் தட்டுகிறாள்: "அந்தக் கையில பச்சை குத்துனது யாருன்னு எனக்குத் தெரியும் ராசா. உங்கம்மா எனக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி. அவ நம்பர் எங்கிட்ட இருக்கு." உருண்டைகளைத் திருப்பிப் போடுவதற்குள் அந்தத் திட்டு காணாமல் போய்விட்டது.

வயது ஐம்பத்திரண்டு. சவாயித் தீவில் எங்கள் ஊர்ப் பேருந்து நிற்குமிடத்தில் காலையில் பானிகேகேயும் கோகோவும் விற்பாள். மீதி நேரமெல்லாம் தம்பி பெனியாமினாவின் தேர்தல் பக்கம்தான். சென்ற முறை அவன் பதினோரு ஓட்டில் தோற்றான். அந்தப் பதினோரு ஓட்டும் எந்தெந்த வீட்டில் போயிற்று என்று எட்டிப் பார்க்காமலே சொல்வாள்.

எங்கள் சொந்தத்தில் பாதிப் பேர் வெளிநாட்டில். ஓட்டுப் போட அவர்கள் வரப்போவதில்லை. "வராட்டி என்ன? ஞாயித்துக்கிழமை அம்மாவுக்கு ஃபோன் போடுவான் இல்ல? 'இந்தத் தடவை அவருக்குப் போடும்மா'ன்னு அவன் சொன்னா, இங்க நாலு வீடு திரும்பும்," என்பாள். அதனால் ஒரு கருத்தையும் பதில் இல்லாமல் விடமாட்டாள். வசவுகளை அழிக்கவும் மாட்டாள். எழுதியவனின் உறவுமுறையைக் கண்டுபிடித்து அதைப் போட்டுவிடுவாள், அவ்வளவுதான். மற்ற விரல்கள் எண்ணெயாக இருந்தால் சுண்டுவிரலால் 'விருப்பம்' பொத்தானை அழுத்துவாள். சுவையான சண்டை என்றால் பேருந்துக்கே வாசித்துக் காட்டுவாள். ஓட்டுநர் வண்டியை நிறுத்திவைத்துக் கேட்பார். "பேரை மறைச்சுக்கலாம். பொறந்த குடும்பத்தை எங்க கொண்டுபோய் மறைப்பான்?" என்பது அவள் பெருமை.

அந்தப் பெருமைக்குச் சோதனையாக, தம்பியைக் கிண்டலடிக்க 'கண்டதைச் சொல்வேன்' என்று ஒரு பக்கம் கிளம்பியது. "நாட்டுக்கே சாலை போடப்போகிறவருக்குச் சாப்பிட்ட தட்டை அடுக்களைக்குக் கொண்டுபோக வழி தெரியவில்லை." "சாப்பாட்டுக்கு முன் அவர் செய்யும் மாலை வேண்டுதலில் உலகத்து நாடெல்லாம் வந்து போகும். அதற்குள் கிழங்கு ஆறிவிடும்." மூவாயிரம் பேர் சிரித்திருந்தார்கள். லனுவோலாவுக்குத் தெரியாமல் நானும் சிரித்தேன்.

பெனியாமினாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஊர்த் தலைவர்கள் கூட்டத்தில் எழுந்து, இதை எழுதுகிற ஆள் எந்த வீடோ அந்த வீடு பத்துப் பெட்டி மீன் டின் அபராதம் வைக்க வேண்டும் என்று கேட்டு வாங்கிவிட்டான். கண்டுபிடிக்கிற பொறுப்பு அக்காவுக்கு. ஓட்டுப் பதிவுக்குப் பத்து நாள் இருந்தது. எதிராளியின் ஆக்லாந்து மருமகன்தான் என்று ஊரே சொல்லிற்று.

லனுவோலா மூன்று மாலை அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"நாள் பூரா சுடச்சுடப் பதில் போடறாங்க. மாலை வேண்டுதலுக்கு மணி அடிச்சதும் கப்சிப். ஆக்லாந்துக்காரனுக்கு நம்ம மணி கேக்குமா?"

எங்கள் ஊர் மணி என்பது மரத்தில் கட்டித் தொங்கும் காலி காஸ் சிலிண்டர். அது அடித்தால் அவரவர் வீட்டுக்குள் போய்விட வேண்டும். தெருவில் நாய்தான் நடக்கும்.

"பக்கத்து ஊரா இருக்கும்," என்றேன்.

"அங்க ஏழு மணிக்குத்தானே அடிப்பான். இது ஆறரைக்கே நின்னுடுது. நம்ம ஊருதான். முடிஞ்சதுன்னு திரும்ப மணி அடிச்சப்பறமும் இருபது நிமிஷம் பேச்சு மூச்சு..."

அங்கேயே நிறுத்திவிட்டாள். மணி அடித்த பிறகும் இருபது நிமிடம் வேண்டுதல் நடக்கிற வீடு எங்கள் ஊரில் ஒன்றுதான். அது அவள் தம்பி வீடு.

நாங்கள் இருவரும் அங்கே போனபோது தம்பி மனைவி ரூதா அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். கைப்பேசி பக்கத்திலேயே இருந்தது. லனுவோலா அதைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள்.

"தேர்தல்னு வந்து போறவங்களுக்கெல்லாம் பரிமாறி, ஈ ஓட்டி, மிச்சத்தை நின்னுக்கிட்டே தின்னு அஞ்சு மாசம் ஆச்சு அண்ணி," என்றாள் ரூதா, துருவுவதை நிறுத்தாமல். "அவர்கிட்ட சொன்னா காதுல விழல. சரி, ஊருக்காவது விழட்டும்னு எழுதினேன்."

"அவன் ஜெயிக்கணும்னு உனக்கு இல்லையா?"

"நல்லா ஜெயிக்கட்டும். தட்டையும் கொண்டுவந்து வைக்கட்டும்."

லனுவோலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள். விஷயம் வெளியே வந்தால் பெனியாமினா தான் கேட்டு வாங்கிய அபராதத்தைத் தானே சுமந்துபோய் வைக்க வேண்டும். ஊர் சிரிக்கிற சிரிப்பில் பதினோரு ஓட்டு என்ன, நூறு ஓட்டும் போய்விடும்.

"அழிச்சிடு," என்றாள். "மத்ததை நான் பாத்துக்கறேன்." ரூதா அங்கேயே அழித்தாள். நல்ல பக்கம், எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அன்று மாலை நீண்ட வேண்டுதல் முடிந்து தம்பி வீட்டில் பந்தி. ஊர்த் தலைவர்கள் இருவர், விருந்தாளிகள் நால்வர், ஓரத்தில் நான். எங்கள் வழக்கப்படி முதல் தட்டு அக்காவுக்கு வந்தது. ரூதா ஓலை விசிறியோடு ஈ ஓட்டிக்கொண்டு நின்றாள்.

"அக்கா, யாருன்னு பிடிச்சியா?" என்றான் பெனியாமினா.

எல்லார் கையும் தட்டிலேயே நின்றது. இங்கே அக்கா சொன்னால் தம்பி மறுபேச்சுப் பேசமாட்டான். அதனாலேயே லனுவோலா அவனிடம் இதுவரை பொய் சொன்னதில்லை.

"தெரியல தம்பி. எனக்குப் பிடிபடல. பக்கத்தை அழிச்சிட்டு ஓடிட்டாங்க."

"உனக்கேவா பிடிபடல?" என்றார் மூத்த தலைவர். "வயசாயிடுச்சு லனுவோலா. இனிமே பலகாரத்தை மட்டும் பாரு." பந்தியே சிரித்தது. லனுவோலா தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு அந்தக் கிழவரின் வாயை அடைக்க வேண்டும் போலிருந்தது.

சிரிப்பு ஓய்ந்ததும் அவள் எழுந்தாள். ரூதாவைத் தோளைப் பிடித்துத் தன் பாயில், தொடாமல் இருந்த தன் தட்டின் முன்னால் உட்காரவைத்தாள். விசிறியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "சாப்பிடு," என்று சொல்லி, பக்கத்தில் நின்று ஈ ஓட்டத் தொடங்கினாள்.